வந்து வந்து மறையும் மஞ்சள் விளக்கு



மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையிலே எரியும் விளக்குகள் பலவற்றுள்ளும் சாரதியின் மனத்தை மிகுதியும் அலைக்கழிப்பது ஒன்று உண்டு. வண்டியொன்றின் பின்புறத் தோற்றத்தையும், அதன் கீழே பாம்பு நெளிந்தாற் போன்ற இரண்டு கோடுகளையும் காட்டும் மஞ்சள் விளக்கு அது. காலையில் எரியும், மாலையில் அணைந்திருக்கும். கராஜுக்குப் போகும் வழியெல்லாம் எரிந்துவிட்டு, அங்கே வண்டியை நிறுத்தித் திறப்பைத் திருப்பி மீண்டும் இயக்கியவுடன், ஒன்றுமறியாதது போல மறைந்துவிடும். வைத்தியர் வீட்டுப் படியை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுவதில்லையா? அவ்வாறானதே இதுவும். எப்போதும் எரிகின்ற விளக்கின் காரணத்தைக் கண்டுகொள்வது அத்துணைக் கடினமன்று. இடையிடையே எரிந்து மறையும் விளக்கே கைதேர்ந்த மெக்கானிக்கையும் திணற வைப்பது.

இலங்கையில் இதைப் பற்றிப் பேசுவதற்குத் தனியொரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் ஓடிய வண்டிகளையே மக்கள் பேணிக்காத்து ஓட்ட வேண்டியதாயிற்று. கதவு திறந்தபின் வந்த புதிய வண்டிகளின் விலையோ எல்லார்க்கும் எட்டுவதன்று. ஆகவே, பொதுவாக ‘ஜீப்’ என்று நாம் அழைக்கும் உயர்ந்த வண்டிகளிலே இருபது வயதைத் தாண்டியவை இன்றும் எத்தனையோ வீடுகளிலே நிற்கின்றன. அவற்றுள் பலவற்றில் இவ்விளக்கும் உண்டு.

அவ்விளக்கின் பின்னால் இருப்பது யாது? 1978ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார், பிறேக்கை அழுத்தும்போது சில்லுகள் இறுகிச் சறுக்காதவாறு காக்கும் அமைப்பொன்றை மேர்சடிஸ் வண்டியிற் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஏ.பி.எஸ். என்று இன்று யாவரும் அறிந்தது அதுவே. 1995ஆம் ஆண்டில் அதன் மேல் இன்னொரு படி கட்டப்பட்டது. சாரதி சுக்கானை எத்திசைக்குத் திருப்புகிறார், வண்டி உண்மையில் எத்திசைக்குப் போகிறது என்னும் இரண்டையும் இடையறாது ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் வேறுபடுமாயின் வேண்டிய ஒரு சில்லை மாத்திரம் தானே பிறேக் பிடித்து, எஞ்சினின் வலுவையும் குறைத்து, வண்டியை வழிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. இதனை நிலைப்புக் கட்டுப்பாடு எனலாம். அவ்வாண்டிலேயே ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தாரும் தமது கிரவுண் மஜெஸ்டா வண்டியில் இத்தகைய அமைப்பைப் பொருத்தினர்.

விலையுயர்ந்த வண்டிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த இவ்வமைப்பை உலகம் கவனிக்கச் செய்தது ஒரு விபத்து. 1997 ஒக்டோபரில், சுவீடன் நாட்டுச் சஞ்சிகையொன்று மேர்சடிஸின் புதிய சிறிய வண்டியான ஏ கிளாசைப் பரீட்சித்தது. காட்டுமான் ஒன்று குறுக்கே பாய்ந்தால் எவ்வாறு விலகுவோமோ அவ்வாறே சாரதி விரைந்து விலக, வண்டி கவிழ்ந்துவிட்டது. அதன் பின்னர் அவ்வகை வண்டிகள் அனைத்திற்கும் நிலைப்புக் கட்டுப்பாடு இலவசமாகவே சேர்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலிருந்து இது சட்டத்தாற் கட்டாயமாயிற்று. உயரமும் பாரமும் மிகுந்த ஜீப் வகை வண்டிகளுக்கு இதன் உதவி பெரிது. ஏனெனில் அவற்றின் பாரமையம் மேலே இருப்பதால் சறுக்கல் கவிழ்தலாக மாறுவதற்கு நெடுநேரம் வேண்டுவதில்லை. மாத்தளையிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் மழைநாளில் ஓட்டிச் சென்றவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விளக்கு எரியும் விதத்தை முதலிற் கவனித்தல் வேண்டும். ஓடும்போது அது விட்டு விட்டு மின்னினால், அமைப்பு அக்கணத்திலே வேலை செய்கின்றது என்பது பொருள். அது குற்றமன்று, சற்று மெதுவாகச் செல்க என்னும் அறிவிப்பு. ‘ஓஃப்’ என்னும் எழுத்துடன் எரிந்தால், பெரும்பாலும் யாரோ அதற்குரிய பொத்தானை அழுத்தி அமைப்பை நிறுத்தியிருக்கிறார்கள். முழங்கால் பட்டு நின்றுபோனதற்காகக் கராஜுக்குப் போனவர்களும் உளர். மின்னாமல் நிலையாக எரிந்தாலே குற்றம். அப்போதும் சாதாரண பிறேக் வேலை செய்யும். சாரதிக்குக் கிடைத்துவந்த துணை மாத்திரம் இல்லாமற் போகும். ஆனால் இவ்விளக்குடன் ஏ.பி.எஸ். விளக்கும் பிறேக்குக்குரிய சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை மேலே ஓட்டுதல் தகாது. பிறேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். முன் பின் சில்லுகளுக்கிடையே பிறேக் வலுவைப் பங்கிடும் ஏற்பாடு செயலிழந்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்ப்பதே முதல் வேலை.

இனி, விளக்கு ஏன் வந்து வந்து போகிறது என்பதைப் பார்ப்போம். இவ்வமைப்பின் கணினி ஒரு நீதிபதி போன்றது. தானாக எதையும் காண அதற்குக் கண் இல்லை. சாட்சிகள் சொல்வதையே கேட்கும். நான்கு சில்லுகளிலும் வேகத்தைச் சொல்லும் உணரிகள் நான்கு. சுக்கான் எவ்வளவு திரும்பியுள்ளது என்று சொல்லும் உணரி ஒன்று. வண்டி தன் செங்குத்து அச்சைச் சுற்றி எவ்வளவு சுழல்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று சொல்லும் உணரி, பெரும்பாலும் முன்னாசனங்களுக்கு நடுவே, தரையிலே இருப்பது. பிறேக்கை மிதித்ததை அறிவிக்கும் சிறு சுவிட்ச் ஒன்று. இச்சாட்சிகளுள் ஒருவர் ஒரு கணம் வாய் மூடினாலும், மற்றவர்கள் சொல்வதற்கு மாறாகச் சொன்னாலும், நீதிபதி வழக்கை ஒத்திவைத்துவிடுகிறார். விளக்கு எரிகிறது. சாட்சி மறுகணமே பேசத் தொடங்கினாலும் பல வண்டிகளில் விளக்கு உடனே அணைவதில்லை. எஞ்சினை நிறுத்தி மறுபடி இயக்கி, சோதனை முடிந்த பின்னரே அணையும். ஆகவே விளக்கு எரிந்த இடமும் குற்றம் நிகழ்ந்த இடமும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது. ஒழுங்கையிலே நிகழ்ந்த ஒரு கணக் குற்றத்துக்காக நகரம் வரை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சாரதி பார்ப்பதோ நகரத்திலே.

இதன் பொருள் யாதெனின், விளக்கு எந்தப் பாகம் பழுதானது என்று சொல்வதில்லை. சாட்சியம் ஒவ்வவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இவ்வேறுபாட்டை உணராமையால் வீணாகும் பணம் கொஞ்சநஞ்சமன்று.

ஒரு வண்டியை எடுத்துக்காட்டாக மனத்தில் அமைத்துக்கொள்ளலாம். ஜப்பானிலிருந்து வந்து, இருபது ஆண்டு ஓடிய ஜீப் அது. அதன் சொந்தக்காரர் வவுனியாவில் வாழும் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். மாதத்தில் ஒருமுறை மனைவியாரைச் சிகிச்சைக்காகக் கண்டிக்கு அழைத்துச் செல்பவர். ஏ9 வீதியிலே தம்புள்ளை வரை அச்சமில்லை; மாத்தளை தாண்டியபின் வளைவுகள் தொடங்குகின்றன. மாரி காலத்திலே மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும், அம்மையார் வண்டியில் ஏற மறுத்துவிட்டார். பேருந்திலே அவ்வளவு தூரம் இருக்க அவரால் இயலாது. ஒரு மாதச் சிகிச்சை தவறியது. விளக்கென்னவோ சிறியதுதான்.

முதற் கராஜில், “மழைத் தண்ணீர் போயிருக்கும்” என்று கூறினர். நமது நாட்டில் இடப்புறமாக ஓட்டுவதால் இடச் சில்லே தெருவோர வெள்ளத்தில் மிகுதியாக இறங்குகிறது. ஆகவே முன் இடச் சில்லின் உணரியை மாற்றினர். ஒன்பது நாள் விளக்கு எரியவில்லை. பத்தாம் நாள் எரிந்தது. இரண்டாம் இடத்தில், பிறேக் எண்ணெயை நான்கு சில்லுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் பம்பும் வால்வுகளும் கணினியும் ஒன்றாயமைந்த பெட்டியையே மாற்றிவிட வேண்டும், பாவித்த பெட்டி ஒன்று கொழும்பில் எடுக்கலாம் என்றனர். பாவித்த பெட்டியை வாங்குவோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம்: அது அவ்வண்டியின் வகைக்கே உரியதாயிருக்க வேண்டும், பொருத்தியபின் பல வண்டிகளிலே கணினிக்கு அதனை அறிமுகப்படுத்தவும் வேண்டும். அன்றேல் பழைய விளக்கு போய்ப் புதிய விளக்கு வரும். மூன்றாவது ஆலோசனை ஓர் உறவினருடையது: விளக்கின் பல்பைக் கழற்றிவிடலாம்.

இந்த மூன்றாவது ஆலோசனை பரிகசித்துத் தள்ளிவிடக் கூடியதன்று. உண்மையிலேயே பலர் அதனைச் செய்கின்றனர், செய்து விற்றும் விடுகின்றனர். பழைய வண்டி வாங்குவோர் திறப்பைத் திருப்பியதும் எஞ்சினை உடனே இயக்காது முகப்புப் பலகையைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். ஏ.பி.எஸ். விளக்கோ இவ்விளக்கோ அப்போது எரியாதிருந்தால், அவ்வண்டியில் ஒருவர் எதையோ மறைத்திருக்கிறார் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு.

நமது உத்தியோகத்தர் இறுதியாகச் சென்றது ஓர் இளைஞரிடம். அவர் வண்டியின் மூடியைத் திறக்கவில்லை. 

“ஐயா, விளக்கு எப்போது எரிகிறது?” என்றார்.

“மழை பெய்தால் எரிகிறது, தம்பி.”

“வேறு விளக்கும் சேர்ந்து எரிகிறதா?”

அவர் கவனித்ததில்லை. இளைஞர் பள்ளிக்கூட அப்பியாசப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். நாள், நேரம், எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாயிருந்ததா, வேகம், நேரே போனதா திரும்பியதா, வீதி எப்படி, மழையா வெயிலா, எந்தெந்த விளக்குகள் எரிந்தன என்று குறிக்க வேண்டும். எரியாத நாட்களையும் எழுத வேண்டும். இரண்டு கிழமை கழித்து வருமாறு கூறினார். காசு கேட்கவில்லை.

இப்புத்தகமே இவ்வகைக் குற்றத்தை அறியும் முதற் கருவி. மற்றக் கருவிகள் அதன் பின்னரே. ஏனெனில் ஒவ்வொரு காரணத்துக்கும் அதற்கேயுரிய நேரமும் இடமும் உண்டு. காலையில் எஞ்சினை இயக்கும்போது மாத்திரம் எரிந்து பின்னர் வராவிடின், பற்றறியும் மின்பிறப்பாக்கியும் ஐயத்துக்குரியவை. மின்னழுத்தம் விழும்போது கணினி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. பற்றறியைக் கழற்றிப் பூட்டிய பின்னரோ, முன்சில்லுகளின் நேரமைவைச் சரிசெய்த பின்னரோ தொடங்கினால், சுக்கானின் உணரி தன் நடுநிலையை இழந்திருக்கலாம். பாகம் மாற்ற வேண்டியதில்லை, நடுநிலையை மீண்டும் கற்பித்தாற் போதும். புதிய ரயர் இரண்டைப் போட்டுத் தேய்ந்தவை இரண்டை விட்டுவைத்த பின் தொடங்கினால், சில்லுகளின் சுற்றளவு வேறுபட்டுச் சாட்சியம் ஒவ்வாமற் போயிருக்கும். ஒரு ரயரில் காற்று மிகக் குறைந்தாலும் அஃதே. பிறேக்கை மிதித்தும் பின்விளக்கு எரியாவிடின், மிதிபலகைக்கு மேலே இருக்கும் மலிவான சுவிட்சே குற்றவாளியாதல் கூடும். வண்டி நிற்கப்போகும் தறுவாயில், உலர்ந்த வீதியிலும், மிதிபலகை காலின் கீழ்த் துடிதுடித்தால், சில்லுடன் சுழலும் பற்சக்கர வளையம் வெடித்தோ துருவேறியோ இருக்கலாம். வேகம் கூடக்கூடச் சில்லுப்பக்கம் இரைச்சல் கேட்டால் பெயரிங்கு தேய்ந்து, வளையத்துக்கும் உணரிக்கும் இடையிலுள்ள வெளி மாறிவிட்டது எனலாம். எஞ்சின் விளக்கும் உடன் எரிந்தால் கதை வேறு. டொயோட்டா முதலிய சில வண்டிகளில் எஞ்சினில் எக்குற்றம் நிகழ்ந்தாலும் நிலைப்புக் கட்டுப்பாடு தானாக ஒதுங்கிக்கொள்ளும். எஞ்சினின் வலுவைக் குறைக்கும் ஆற்றலை நம்ப முடியாதபோது அது தன் கடமையை ஆற்ற இயலாதன்றோ? அத்தகைய வண்டியின் சில்லுகளைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

மிக முக்கியமான வேறுபாடு ஒன்று எஞ்சியுள்ளது. நிலைப்பு விளக்கு தனியே எரிந்தால் சுக்கான் உணரி, சுழற்சி உணரி, பிறேக் சுவிட்ச், எஞ்சின் என்பவற்றின் பக்கம் பார்வை செல்ல வேண்டும். ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்தே எரிந்தால், இரண்டுக்கும் பொதுவான சாட்சிகளாகிய சில்லு உணரிகளே முதலில் விசாரிக்கத் தக்கவை.

இரண்டு கிழமையின் பின் புத்தகம் வந்தது. பதினொரு முறை விளக்கு எரிந்திருந்தது. பதினொரு முறையும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்திருந்தது, முன்னர் கண்ணிற் படாதது எழுதப் புகுந்தபின் பட்டது. ஒன்பது முறை மழைநாள். எவரும், மழையே காரணம் என்று அங்கேயே நிறுத்தியிருப்பர். இளைஞர் மற்ற இரண்டு நாட்களையே நெடுநேரம் பார்த்தார். இரண்டும் நல்ல வெயில். ஒரு நாள் கோயில் வீதியில் வண்டியைத் திருப்பியபோது, மறுநாள் உறவினர் வீட்டு முற்றத்தில். மழைநாட்களின் பதிவோ ஒன்பதும் வீட்டைவிட்டுப் புறப்பட்ட முதல் ஐந்து நிமிடத்துள். 

“மழை பெய்தால் எந்த வழியால் வெளியே வருவீர்கள், ஐயா?”

முன் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். ஆதலால் பின்படலையால் வருவார். பின்படலை ஒடுக்கமானது, சுக்கானை இடப்புறமாக முற்றாகத் திருப்பினாலன்றி வெளியேற முடியாது. அவ்வளவில் மழை வழக்கிலிருந்து விடுதலையாயிற்று. மழைக்கும் விளக்குக்கும் நடுவே நின்றது படலை.

இதன் பின்னரே ஸ்கானர் கருவி வெளியே எடுக்கப்பட்டது. இங்கு ஓர் எச்சரிக்கை: கடைகளிலே மலிவாகக் கிடைக்கும் சிறு கருவிகளுட் பல எஞ்சினின் குறிகளை மட்டுமே வாசிக்கும். ‘குற்றம் ஒன்றுமில்லை’ என்று அவை கூறினால், பிறேக் கணினியிடம் கேட்கவேயில்லை என்பது பொருள். அதனையும் வாசிக்கும் கருவியே வேண்டும். அதிலே முன் வலச் சில்லுக்குரிய குறி பதிந்திருந்தது. டொயோட்டா வண்டிகளிலே சீ 0200 என்று வருவது இதுவே. முன் இடச் சில்லுக்குரியது சீ 0205. இடப்புறம் திரும்பும்போது எரிந்த விளக்கு, வலச் சில்லைக் காட்டிற்று. முதற் கராஜில் மாற்றியது இடச் சில்லின் உணரி. அவ்வொன்பது நாளும் மழையில்லாத நாட்களாயிருந்தமையாலே விளக்கு எரியாதிருந்தது என்பதும் புலனாயிற்று.

குறி கிடைத்தவுடன் உணரியைக் கழற்றிவிடுவதும் தவறு. குறி ஒரு தெருவின் பெயரைச் சொல்லுமேயன்றி வீட்டிலக்கத்தைச் சொல்வதில்லை. உணரி, அதன் வயர், இணைக்கும் பிளக், பற்சக்கர வளையம், பெயரிங்கு யாவும் அத்தெருவிலேயே உள்ளன. இளைஞர் கருவியின் திரையில் நான்கு சில்லுகளின் வேகத்தையும் அருகருகே வைத்து, வெற்று வளவொன்றிலே வண்டியை மெதுவாக ஓட்டச் செய்தார். நேரே போகையில் நான்கும் ஒத்திருந்தன. சுக்கானை இடப்புறம் முற்றாகத் திருப்பியதும், மற்றை மூன்றும் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவிலே நிற்க, முன் வலச் சில்லின் எண் சுழியமாயிற்று, விளக்கு எரிந்தது. 

பின்னர் வண்டியை உயர்த்திப் பிளக்கைக் கழற்றி, மல்ரிமீற்றரை இணைத்தார். அவ்வண்டியிலிருந்தது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பழைய வகை உணரி. ஆயிரம் ஓம் தொடங்கி இரண்டாயிரம் ஓம் வரையிலான தடையைக் காட்டுவது அவற்றுக்கு வழக்கம். புதிய வகை உணரிகளை இவ்வாறு அளத்தல் ஆகாது; அவை கெட்டுவிடவும் கூடும். சில்லு நேராக நின்றபோது மீற்றர் சரியான அளவைக் காட்டிற்று. இடப்புறம் திருப்பியதும் தொடர்பு அறுந்தது. வயரை விரலால் வருடிக்கொண்டு போனபோது, மட்காட்டின் உட்புறத்தில் ஓரிடத்திலே அது மென்மையாக மடங்கிற்று. மேலுறை சிறிதும் கிழியவில்லை. உள்ளே செப்புக் கம்பி முறிந்து, முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. சில்லு இடப்புறம் திரும்பும்போது, வலச் சில்லின் பின்விளிம்பு வெளியே தள்ளி வயரை இழுக்கும். அப்போது மட்டும் முனைகள் விலகின.

முறிந்தது ஏன் என்பதையும் அவர் தேடாமல் விடவில்லை. வயரை மூன்றிடத்தில் பிடித்துவைக்கும் கிளிப்புகளுள் நடுவிலுள்ளது இல்லை. சொந்தக்காரரிடம் வினவியபோது, இரண்டாண்டுக்கு முன்னர் அப்பக்கத்து ஷொக் அப்சோபர் மாற்றப்பட்டமை தெரிய வந்தது. அன்று கழற்றியவர் அதனைத் திரும்பப் பூட்டவில்லை. இரண்டாண்டு காலமாக வயர் ஒவ்வொரு திருப்பத்திலும் இழுபட்டு வந்திருக்கிறது.

உணரியில் குற்றமில்லை. எனினும் வயரும் உணரியும் ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தமையால் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. முறிந்த இடத்தை ஈயம் வைத்து ஒட்டிக்கொடுக்குமாறு சொந்தக்காரர் கேட்டுப் பார்த்தார். ஓயாது மடங்கும் இடத்திலே ஈயம் பற்றிய கம்பி விறைத்துப்போய், அவ்வொட்டின் ஓரத்திலேயே மீண்டும் முறியும் என்று இளைஞர் மறுத்துவிட்டார். புதிய வயரை மூன்று கிளிப்புகளிலும் பூட்டிக் குறியை அழித்து, பின்படலைக்கே வண்டியைக் கொண்டுபோய், இடப்புறமும் வலப்புறமும் இருபது முறை முற்றாகத் திருப்பி ஓட்டினர். பின்னர் மழைநாள் ஒன்றிலும் அவ்வாறே செய்து பார்க்குமாறு கூறப்பட்டது. அது கார்த்திகை மாதமாதலால் அதற்கு நெடுநாட் காத்திருக்க நேரவில்லை.

அடுத்த மாதம் அம்மையார் முன்னாசனத்தில் அமர்ந்து கண்டிக்குச் சென்றார். மாத்தளைக்கு அப்பால் மழை பெய்தது. வளைவுதோறும் அவர் வீதியைப் பாராது விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பியாசப் புத்தகத்தில் எஞ்சியிருந்த தாள்களில், எந்தப் பாகம் எந்நாளில் யாராற் கழற்றப்பட்டது என்பதைச் சொந்தக்காரர் இப்போது எழுதி வருகிறார்.